வாளையும் வாழையும்: பார்வையற்ற பிள்ளை கல்லூரிக்குப் போகுமுன்

மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான மறுநாளிலிருந்து என் தொலைபேசி ஓய்வதில்லை. தென்மாவட்டம் ஒன்றில் அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. அதனால் பார்வையற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாரிடமாவது என் எண்ணை வாங்கி அழைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், எந்த காலேஜ்ல சீட்டு கிடைக்கும்?” இந்த ஆண்டு ஒரு தந்தை தொலைபேசியோடு நிற்காமல் மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பெண், அப்பா பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “சார், நான் எக்கனாமிக்ஸ் படிக்கலாமா? எல்லாரும் தமிழ் எடு, இல்லைன்னா ஹிஸ்டரி எடுன்னு சொல்றாங்க” என்றாள். அன்று மாலைவரை அவர்களோடு பேசியவற்றை, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சீட்டு. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்றே அந்தத் தந்தையிடம் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. வயது வரம்பிலும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த 2003இல் நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஒதுக்கீடு மூன்று விழுக்காடுதான். இப்போது 60 இடங்கள் உள்ள ஒரு வகுப்பில் மூன்று இடங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உரியவை. அரசுக் கலைக்கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடந்துவிடும். பொறியியல் சேர்க்கையிலும் அப்படித்தான். விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டு, பிறகு அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையைப் பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டிய நாள் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. கலந்தாய்வு நாளோ நமக்காகக் காத்திருக்காது.

சீட்டு கிடைத்துவிட்டால் திட்டமிடல் முடிந்துவிட்டது என்று குடும்பங்கள் நினைக்கும் இடத்தில்தான் எனக்கு மனம் பதறுகிறது. பார்வையற்ற மாணவருக்கு உண்மையான வேலை அன்றுதான் தொடங்குகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பிள்ளை எதை, எப்படிப் படிக்கப்போகிறாள், தேர்வில் அவள் சொல்வதை யார் எழுதப்போகிறார், பேருந்து நிறுத்தத்திலிருந்து வகுப்பறைக்கு எப்படி நடக்கப்போகிறாள் ஆகிய மூன்றுக்கும் விடை தெரியாமல் ஜூன் மாதத்தில் உள்ளே நுழைகிறவர்கள், முதல் பருவத்திலேயே இரண்டு மூன்று தாள்களை நிலுவை வைத்துவிட்டு, தமக்குப் படிப்பு வரவில்லை என்று தம்மையே நொந்துகொள்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். படிப்பு வராதவர்கள் அல்லர் அவர்கள். படிப்பதற்குரிய வடிவில் புத்தகம் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த சிறப்புப் பள்ளியில் மேல்நிலையில் வரலாற்றுப் பிரிவு ஒன்றுதான் இருந்தது. அங்கிருந்து கல்லூரிக்குப் போனபோது, “உனக்குத் தமிழ்தான் சரி” என்று ஆசிரியர்களும் உறவினர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். தமிழ் எனக்கு வாழ்வளித்தது. அதை உயிராய் நேசிக்கிறேன். ஆயினும் அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதும் உண்மை. பார்வையற்றவருக்குத் தமிழும் வரலாறும் எளிது, மற்றவை ஆகாது என்ற எண்ணம் வரைபடங்களையும் அட்டவணைகளையும் கண்டு பயந்தவர்கள் ஏற்படுத்தியது. பொருளாதாரத்தில் கோடுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். அந்தக் கோடுகளை விரலால் படிக்க வழி செய்தால் அவை நமக்கும் கோடுகள்தாம். ரப்பர் விரிப்பின்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனா முனையால் அழுத்தி வரைந்தால் கோடு மேலெழும்பி விரலுக்குத் தட்டுப்படும். அது கிடைக்காத வீட்டில் அட்டை, நூல், கோந்து இம்மூன்றும் போதும். எனவே பிள்ளை விரும்பும் பாடத்தைக் கேளுங்கள். அதன் பிறகு அந்தப் பாடத்துக்கு என்னென்ன தேவை என்று கணக்குப் போடுங்கள்.

இனிப் புத்தகம். கலந்தாய்வில் இடம் உறுதியான அன்றே துறைத்தலைவரைப் பார்த்து, முதல் பருவத்தின் பாடத்திட்டத்தையும் நூற்பட்டியலையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். வகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு, மற்றவர்கள் மூன்றாம் பாடத்தில் இருக்கும்போது முதல் பாடம் கைக்கு வரும். நான் படித்த காலத்தில் விடுதி வராந்தாவில் இரவு உணவுக்குப் பிறகு நண்பர்கள் மாறி மாறி வாசிக்க, கேசட்டில் பதிவு செய்துகொள்வேன்; கரண்டு போனால் அன்றைய படிப்பும் போயிற்று. இன்று கணினித் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய பணி அது. தமிழையும் அது வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் அதே வேலையைச் செய்ய டாக்பேக் என்ற வசதி இருக்கிறது. இவற்றைக் கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், தேர்வு முடிந்து முடிவு வருவதற்கு இடையில் உள்ள ஏப்ரல், மே விடுமுறையில் பழகிவிட வேண்டும். விசைப்பலகையில் தமிழ்த் தட்டச்சும் அதே விடுமுறையில் கைவர வேண்டும்.

மென்பொருள் இருந்தும் ஒரு பெரிய தடை நிற்கிறது. அதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் புரிந்துகொண்டாலே பாதித் துன்பம் தீரும். ஆசிரியர்கள் அன்போடு அனுப்பும் பாடக்குறிப்புகளில் பல பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த சொல்லை என் கணினி ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றுதான் படிக்கும். இருபது பக்கமும் இப்படியே ஓடினால் எந்தப் பிள்ளைதான் படிக்க முடியும்? எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது; ஆனால் பழைய கோப்புகள் ஒவ்வொரு துறையின் கணினியிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எழுத்துரு மாற்றி என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கோப்பு வேர்டு வடிவில் இருந்தால் சில நொடிகளில் யூனிகோடாக மாற்றிவிடலாம். ஆகவே ஆசிரியரிடம் பிடிஎஃப் வேண்டாம், மூலக் கோப்பையே கொடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஜெராக்ஸ் குறிப்புகளாக மட்டுமே கிடைப்பவற்றைக் கைபேசியில் படம்பிடித்து எழுத்தாக மாற்றலாம். இப்போது தமிழும் ஓரளவு நன்றாகவே வருகிறது. மங்கலான பிரதியில் மட்டும் துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றோடொன்று குழப்பிவிடும். அட்டவணைகளைக் கலைத்துப் போடும். எனவே பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தித் தர வேண்டும். தம்பியோ தங்கையோ நாளுக்கு ஐந்து பக்கம் என்று திருத்தினாலும் ஜூன், ஜூலைக்குள் ஒரு பருவத்துப் பாடத்தில் பெரும்பகுதி தயாராகிவிடும். இதைக் காப்புரிமை மீறல் என்று எண்ணித் தயங்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவர் தம் படிப்புக்காக நூலைத் தமக்கேற்ற வடிவில் மாற்றிக்கொள்வதையும், அதற்கு மற்றவர் உதவுவதையும் அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடே இந்தியாதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகி, ஏற்கெனவே மாற்றப்பட்ட நூல்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடிவிடுங்கள். யாரோ ஒருவர் செய்து முடித்த வேலையை மறுபடியும் செய்ய வேண்டாம். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு.

கேட்டுப் படிக்க இத்தனை வசதி வந்துவிட்ட பிறகு பிரெய்ல் எதற்கு என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என் வாழ்க்கையிலிருந்தே விடை சொல்கிறேன். 2003இல் முதல் பருவத்து அகத்தேர்வு. எனக்காக எழுத வந்தவர் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த பையன்; பொறுமையானவன், கையெழுத்தும் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். மருதத் திணை பற்றிய வினாவுக்கு விடை சொல்லும்போது, வாளை துள்ளும் வயல்களைப் பற்றி இரண்டு இடங்களில் குறிப்பிட்டேன். எழுதி முடித்ததும் படித்துக்காட்டச் சொன்னேன். சரியாகவே காதில் விழுந்தது. விடைத்தாளைத் திருத்திய என் ஆசிரியர் மறுநாள் என்னைத் தனியே அழைத்து, “ஏம்ப்பா, வாழை எப்படித் துள்ளும்?” என்று கவலையோடு கேட்டார். மீனாகிய வாளையை அந்தப் பையன் மரமாகிய வாழையாக எழுதியிருந்தான். அவன் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றே. ஆகவே திரும்பப் படித்துக்காட்டியபோதும் என் காதுக்குப் பிழை அகப்படவில்லை. மதிப்பெண் குறைந்ததைவிட, எனக்குத் தெரிந்த ஒன்று தெரியாததாகத் தாளில் நின்றதே என்ற வருத்தம் பல நாள் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து ஐயத்துக்கிடமான சொல் வரும்போதெல்லாம் எழுத்தையும் சேர்த்தே சொல்லப் பழகினேன். ஆனால் எழுத்தைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது பிரெய்லில் விரல் வைத்துப் படித்ததால்தான். கணினிக் குரலைக் கேட்டு மட்டுமே வளரும் பிள்ளைக்கு ரகரம் எங்கே, றகரம் எங்கே, ந, ண, ன என்ற மூன்று எழுத்துகளில் எது எங்கே என்பது தெரியாமலே போய்விடுகிறது. இதை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். நாளுக்கு ஒரு பக்கமாவது பிரெய்லில் படிக்கட்டும், பாடத்தின் கலைச்சொற்களையாவது சிலேட்டில் குத்தி எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சொல்வதை எழுதுபவரைத் தேடுவது தேர்வுக்கு முதல்நாள் செய்கிற வேலை ஆகக் கூடாது. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். நாமே ஒருவரை அழைத்துவந்தால் அவர் தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைந்த கல்வித்தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. கணினியில் தாமே தேர்வு எழுதும் வழியையும் அது திறந்துவிட்டது. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு என்ற அளவை எட்டாதவருக்கும் தேவை இருந்தால் எழுத்துத்துணை மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இவ்வளவு இருந்தும், தேர்வறைக் கண்காணிப்பாளருக்கு இவை தெரியாமல் கூடுதல் நேரம் முடிவதற்குள் தாளை வாங்கிவிட்ட அனுபவம் என் மாணவர்களுக்கு உண்டு. எனவே அந்தந்த ஆண்டில் நடைமுறையில் உள்ள விதியைத் தேர்வுப் பிரிவில் கேட்டு, அனுமதிக் கடிதத்தில் நேரத்தையும் எழுத்தில் குறிப்பிடச் செய்து, அதன் பிரதியைத் தேர்வறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒருவரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நம் தேர்வு போய்விடும். இரண்டு மூன்று பேரை ஆகஸ்ட் மாதத்திலேயே பார்த்து வைத்து, ஒவ்வொருவரோடும் பழைய வினாத்தாள் ஒன்றை முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எவ்வளவு வேகத்தில் சொன்னால் அவர் கை தொடரும், எந்தச் சொல்லில் அவர் தடுமாறுவார், படம் வரைய முடியுமா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். நம்முடைய சிந்தனை இன்னொருவர் கை வழியாகத் தாளுக்குப் போகிறது. அந்தக் கையோடு பழகாமல் தேர்வறைக்குள் போவது, ஓட்டிப் பழகாத வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதற்குச் சமம்.

நடப்பதைப் பற்றிப் பேசியபோதுதான் அந்தத் தந்தை குரல் இறங்கிப்போய், “தனியா விட மனசு வரலை சார்” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. என் அம்மாவும் அப்படித்தான் பயந்தார். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, கல்லூரி வெறிச்சோடி இருக்கும்போது மகளை அழைத்துக்கொண்டு போங்கள் என்றேன். முதல் நாள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் நாள் பின்னால் நடந்து, மூன்றாம் நாள் வாசலில் நின்றுகொண்டு. வெண்கோலைத் தரையில் தட்டிக்கொண்டு போகும்போது எங்கே தார்ச்சாலை முடிந்து மண் தொடங்குகிறது, எந்த இடத்தில் வேப்பமர நிழல் தோளில் குளிர்ச்சியாக விழுகிறது, ஜெராக்ஸ் கடையின் சூடான தாள் வாசனைக்குப் பிறகு எத்தனை அடியில் படி வருகிறது என்று அவளே மனத்தில் வரைந்துகொள்வாள். மூடி இல்லாத சாக்கடையும் இடுப்புயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கதவும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். கழிப்பறையை மறக்காமல் பாருங்கள். அதற்குத் தனியாகப் போய்வர முடியாத காரணத்தால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவிகள் எனக்கு இருந்திருக்கிறார்கள். விடுதி என்றால் தரைத்தளத்தில் அறை கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்தைப் பொறுத்தவரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்விடுங்கள். கல்வி உதவித்தொகை, பார்வையற்ற மாணவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, பேருந்துப் பயணச் சலுகை எல்லாவற்றுக்கும் அங்கேதான் வழி. தொழில்நுட்பப் படிப்பில் சேர்கிறவர்களுக்கு ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வழங்கும் சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொகையைவிட விண்ணப்பத் தேதிதான் முக்கியம். அதைத் தவறவிட்டுத்தான் பலர் இழக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி பழைய காலண்டர் அட்டையொன்றில் இரண்டு நூல்களைக் கோந்து தடவிப் படிய வைத்துக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து, இடமிருந்து வலமாக இறங்குவது தேவை, ஏறுவது அளிப்பு, மேலே போகப் போக விலை கூடும் என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நூல்களையும் தனித்தனியே தடவிவிட்டு, அவை ஒன்றையொன்று கடக்கும் முடிச்சில் விரலை நிறுத்தினாள். “இங்கதான் விலை நிக்குமா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், “எல்லாரும் இன்னும் நிறைய வாங்க ஆரம்பிச்சா?” என்று கேட்டாள். கோந்து இன்னும் காயவில்லை. தேவை நூலை அப்படியே வலப்பக்கம் தள்ளி ஒட்டச் சொன்னேன். தள்ளி ஒட்டிவிட்டு மறுபடியும் முடிச்சைத் தேடிய அவள் விரல், முன்பு இருந்த இடத்தைத் தாண்டி மேலே போய் நின்றது. “அப்பா, விலை ஏறிடுச்சு” என்று அவர் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள்.